இறக்கம் வருகிறது, ஃபோர் வீலைப் போடு!

கலஹாவிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பாதையில், தேயிலை மலைக்குள் பிரியும் ஒரு தோட்டத்து ரோடு. ஐப்பசி மாதம், மாலை நாலரை மணி. கடைசி நிறுவை முடிந்து கொழுந்துச் சாக்குகள் ட்ரெக்டர் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தன. ஹந்தானைப் பக்கம் கறுத்துக் கிடந்த வானம் தலைக்கு மேலேயே வந்துவிட்டது. முதல் தூறல் விழுந்ததும் ரோட்டின் நிறம் மாறியது. காலையில் தூசி பறந்த அதே சிவப்பு மண், பத்து நிமிடத்தில் சவர்க்காரம் பூசியதுபோல் மினுங்கத் தொடங்கியது.

ட்ரெக்டர் ஓட்டும் அண்ணன் மண்வெட்டியை எடுத்து முன்டயரின் பற்களுக்கு இடையில் அடைத்திருந்த மண்ணைச் சுரண்டினார். பெட்டியின் வால்பக்கம் போட்ட நான்கு சாக்குகளை முன்னால் தள்ளி வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் இருக்கையில் ஏறினார். ஏறியதும் முதல் வேலையாக, காலருகே இருந்த சிறிய கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டார். ஃபோர் வீல் விழுந்தது. ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, கீழே இருக்கிறது. போகவேண்டிய வழி முழுவதும் இறக்கம்.

"ஏத்தத்துக்குத்தானே ஃபோர் வீல்? எறங்குறதுக்கு எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"ஏத்தத்துல போடாட்டி வண்டி நின்னுரும் தம்பி. எறக்கத்துல போடாட்டி வண்டி நிக்காது."

ட்ரெக்டர் கம்பனிகளின் கையேடுகளில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதன் சாரம் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இது தெரியாமல் மலையில் ட்ரெக்டர் ஓட்டுபவர்கள் எத்தனையோ பேர். தோட்டத்து ட்ரெக்டர் புரண்டது, பெட்டியில் இருந்தவர்கள் காயம், சில வேளை மரணம் என்ற செய்தியை மலையகத்துப் பத்திரிகைகளில் வாசிக்காத வருடம் இல்லை. இந்தக் கட்டுரை அந்தச் சிறிய கம்பியைப் பற்றியது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் "ரெண்டு சில்லு" என்றால் கையால் பிடித்து ஓட்டும் லாண்ட் மாஸ்டர். "நாலு சில்லு" என்றால் பெரிய ட்ரெக்டர். ஆனால் நாலு சில்லு இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் ஆகிவிடாது. நாம் அதிகம் பார்த்த பழைய மெசி பேர்கசன் போன்ற ட்ரெக்டர்களில் இயந்திரத்தின் பலம் போவது பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சில்லுகளுக்கு மட்டும்தான். முன்சில்லுகள் திசை திருப்பும், பாரம் தாங்கும், இழுக்காது. முன் அச்சுக்கும் பல்சக்கரம் வைத்து, கம்பியை இழுத்தால் அதுவும் சேர்ந்து இழுக்கும்படி செய்ததுதான் ஃபோர் வீல் டிரைவ். 1930இலேயே அமெரிக்காவில் மெசி ஹாரிஸ் நிறுவனம் நான்கு சில்லும் இழுக்கும் ட்ரெக்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பத்திரிகைகள் இதை "உழவு இயந்திரம்" என்று எழுதுகின்றன. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அது சரி. கண்டி மலைகளில் அது உழுவதே இல்லை, சுமக்கிறது. கொழுந்து, உரமூட்டை, ஸ்டோர் அடுப்புக்கு விறகு, லயத்துக்குத் தகரம், திருவிழாவுக்குப் பந்தல் சாமான், அம்புலன்ஸ் வராத ரோட்டில் நோயாளி, எல்லாவற்றையும் சுமக்கிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கக் காலத்திலும் இந்தப் பக்கத்து மலைகளில் வெட்டிய பாதைகள் ஆள் நடைக்கும் மாட்டு வண்டிக்குமானவை. அதே வளைவுகளில்தான் இன்று நாலு தொன் எடை இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஓட்டுபவர்களுக்குக் கை சொல்லித் தெரிந்திருக்கும் விஷயத்தை எண்களில் வைத்துப் பார்த்தால் பயம் வரும். வரவேண்டும்.

ட்ரெக்டரின் எடை 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரத்தோடு பெட்டி இன்னொரு 2,000 கிலோ. எட்டு அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். மொத்த எடை 4,000 கிலோவில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 500 கிலோ, வண்டியைப் பின்னால் இழுக்கிறது. நனைந்த களிமண்ணில் டயர், தன் மேல் இருக்கும் எடையில் பத்தில் மூன்று பங்குக்குத்தான் தரையைப் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர் வீல் ட்ரெக்டரில் எடையில் சுமார் 40 வீதம் முன் அச்சிலும் 60 வீதம் பின் அச்சிலும் இருக்கும். ஆகவே பின்சில்லுகளில் 1,200 கிலோ. அவற்றின் பிடிமானம் 360 கிலோ. 500ஐ வெல்ல 360 போதாது. சில்லு நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டும். கம்பியை இழுத்து முன்சில்லுகளையும் சேர்த்தால் 2,000 கிலோவும் பிடிக்கும், 600 கிலோ கிடைக்கும். வண்டி ஏறிவிடும்.

இதே கணக்கில் ஏற்றத்தை ஐந்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். பின்னால் இழுப்பது 800 கிலோ. நான்கு சில்லும் சேர்ந்தாலும் 600தான். ஃபோர் வீல் இருந்தும் பயனில்லை, பாரத்தைக் குறைத்தே ஆகவேண்டும். பெட்டியின் கொக்கி ட்ரெக்டர் மேல் இறக்கும் எடையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது பின்சில்லுக்குக் கொஞ்சம் உதவும், பாரம் பெட்டியின் முன்பக்கம் இருந்தால்! வால்பக்கம் இருந்தால் கொக்கியை மேலே தூக்கிவிடும். பின்சில்லில் இருக்கும் பிடிமானமும் போய்விடும். அந்த அண்ணன் நான்கு சாக்கை முன்னால் தள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

இனி அதே சரிவில் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். இப்போது அந்த 500 கிலோ வண்டியைக் கீழே தள்ளுகிறது. பிரேக்கை மிதிக்கிறீர்கள். பெரும்பாலான ட்ரெக்டர்களில் பிரேக் இருப்பது பின் அச்சில் மட்டும். நம்மூர்ப் பெட்டிகள் பலவற்றில் தனியாகப் பிரேக் கிடையாது. ஆக, 4,000 கிலோவையும் பிடித்து நிறுத்தவேண்டியது அந்த இரண்டு பின்சில்லுகள்தான். அவற்றின் பிடிமானம் 360 என்று பார்த்தோம். இறக்கத்தில் அதுவும் இருக்காது. எடை முன்னால் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. பிரேக் பிடித்ததும் பின்சில்லு இறுகி நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். பின்னாலிருந்து பெட்டி தள்ள, ட்ரெக்டர் குறுக்கே திரும்பும். பிறகு பள்ளம்.

கம்பி போட்டிருந்தால் முன் அச்சும் பின் அச்சும் பல்சக்கரங்களால் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பின்சில்லு தனியாக இறுகி நிற்க முடியாது. பின்னால் மிதித்த பிரேக் முன்சில்லையும் பிடிக்கிறது. சின்னக் கியரில் இயந்திரம் கொடுக்கும் தடையும் நான்கு சில்லுக்கும் போகிறது. புதிய ட்ரெக்டர்கள் பலவற்றில் இரண்டு பிரேக் மிதிகளையும் ஒன்றாக மிதித்தால் ஃபோர் வீல் தானாகவே விழும்படி செய்திருக்கிறார்கள். காரணம் இதுவே.

கண்டி மலைகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பல தோட்டங்களில் மலை மேலே, ஸ்டோர் கீழே. ட்ரெக்டர் வெறும் பெட்டியோடு சுலபமாக ஏறிப்போகிறது, பாரத்தோடு இறங்குகிறது. ஏறும்போது ஃபோர் வீல் தேவைப்படவில்லை என்பதால் "இந்த ரோட்டுக்கு அது வேண்டாம்" என்று மனம் சொல்லிவிடும். அதோடு ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடியோடு மழை இறங்குவது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். காலையில் ஏறிய ரோடு வேறு, கடைசி நிறுவைக்குப் பிறகு இறங்கும் ரோடு வேறு. கொழுந்து வாடித் தரம் கெடுவதற்குள் ஸ்டோருக்குப் போகவேண்டும் என்ற அவசரம் மேலே. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனை எடையும் மாலை மழையில்தான் இறங்குகிறது.

எப்போது, எப்படி?

கம்பியை எப்போது இழுப்பது? இறக்கம் தொடங்கும் முன், சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி. சரிவின் பாதியில் கிளச்சை மிதித்து ஃபோர் வீல் போடப் பார்த்தால், அந்தக் கணம் இயந்திரத்தின் தடை முழுவதும் போய்விடும். நான்கு தொன் எடை சுதந்திரமாக ஓடத் தொடங்கினால் மறுபடி கியர் விழாது. கியரும் மேலேயே தீர்மானிக்கப்பட வேண்டும்: ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதே கியர், அல்லது அதைவிடச் சின்னது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர் மிச்சம் பிடிப்பது எதையும் இல்லை.

இரண்டு பிரேக் மிதிகளையும் இணைக்கும் கொண்டியை மறக்கக்கூடாது. வயலில் சட்டென்று திரும்புவதற்காக இடது வலது தனித்தனியாக மிதிக்கும்படி அதை வைத்திருக்கிறார்கள். ரோட்டில் கொண்டி போடாமல் ஒருபக்க மிதியை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் வெட்டித் திரும்பும். மலை ரோட்டில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் என்பது அதிர்ஷ்டம்.

சரி, நாள் முழுக்க ஃபோர் வீலிலேயே ஓட்டினால் என்ன? தார் ரோட்டில் அது கூடாது. முன்சில்லுகள் தரையில் பின்சில்லுகளைவிடச் சற்று வேகமாக, சாதாரணமாக 1 முதல் 5 வீதம் வரை கூடுதலாக, உருளும்படி பல்சக்கரங்களை அமைத்திருக்கிறார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் சிறு வழுக்கலில் கரைந்துவிடும். தாரிலும் கொங்கிரீட்டிலும் வழுக்க இடமில்லை. வித்தியாசம் முழுவதும் அச்சிலும் பல்சக்கரத்திலும் முறுக்காக ஏறும். ஸ்டீரிங் கனக்கும், முன்டயர் தேயும், டீசல் கூடும், கம்பியை விடுவிக்கப் பார்த்தால் வராது. நேராக நிறுத்திக் கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்குத் தளர்ந்து விடுபடும். முன்டயரை மாற்றும்போது விலை குறைவு என்று வேறு அளவு டயர் போடுவதும் இந்தக் கணக்கைத்தான் குழப்புகிறது. ஃபோர் வீல் ட்ரெக்டரில் முன்டயரின் அளவும் பின்டயரின் அளவும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை.

அப்படியென்றால் தார் போட்ட மலை இறக்கத்தில்? கண்டி–மஹியங்கனை ஏ-26 பாதையில் ஹுன்னஸ்கிரியவைத் தாண்டியதும் பதினெட்டு வளைவு. கொண்டை ஊசியாகத் திரும்பும் அந்த இறக்கத்தில் பாரப் பெட்டியோடு ஒரு ட்ரெக்டர் போகிறது என்றால் ஃபோர் வீல் போடுவதா விடுவதா? வளைவில் முன்டயர் தேய்வது உண்மை. ஆனாலும் பாரம் இருந்தால், மழை இருந்தால், ஃபோர் வீல் போட்டு நடை வேகத்தில் இறங்கவேண்டும் என்பதே என் முடிவு. செங்குத்தான இறக்கத்தில் முன் அச்சையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கையேடுகளும் உண்டு. டயருக்கு விலை உண்டு. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன விலை? சமதரை வந்ததும் கம்பியை எடுத்துவிடலாம்.

நிறுத்தி வைப்பதற்கும் ஒரு வார்த்தை. கைப்பிரேக்கும் பின் அச்சைத்தான் பிடிக்கிறது. சரிவில் நிறுத்த நேர்ந்தால் ஃபோர் வீல் போட்டு, கியரில் விட்டு, சில்லுக்குக் கல் கொடுங்கள்.

வயலும் ஒரு மனிதரும்

யட்டிநுவர, ஹாரிஸ்பத்துவப் பக்கத்துப் படிவயல்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாய் விரித்த அளவு வயல்களில் நாலு சில்லு திரும்பவே இடமில்லை. அங்கே ராஜா லாண்ட் மாஸ்டர்தான். அந்த இரண்டு சில்லு இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் அது உற்பத்தியானது. கம்பனியின் பெயர் இங்கே இயந்திரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. 2010இல் மறைந்த அவர், பிற்காலத்தில் தன் கண்டுபிடிப்பையே மறுபடி கேள்வி கேட்டவர். மலைச்சரிவு மண்ணைக் கிளறாமல், கிளிரிசிடியா வேலி வரிசைகளால் மண்ணைப் பிடித்து வைத்து விவசாயம் செய்யவேண்டும் என்று நாடெங்கும் பேசினார். சரிவுக்கு எந்த இயந்திரம் பொருந்தும் என்பதோடு, எந்த வேலையைச் சரிவில் இயந்திரத்திடம் கொடுக்கவே கூடாது என்பதையும் கேட்ட மனிதர் அவர். ஃபோர் வீலைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு அவர் நினைவு வராமல் போனதில்லை.

ஏனென்றால் ஃபோர் வீலில் ஒரு மயக்கம் இருக்கிறது. முன்பு ஏற முடியாத இடத்துக்கெல்லாம் அது ஏற்றிவிடும். சில்லு சுழல்வது ஒரு எச்சரிக்கை. "இதற்கு மேல் போகாதே" என்று மலை சொல்வது. அந்த எச்சரிக்கை கேட்காத உயரத்துக்கு ட்ரெக்டரைக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது ஃபோர் வீல். பக்கவாட்டில் புரள்வதை அது தடுக்காது. சேற்றில் புதைந்த பிறகு பின்சில்லுக்கு முன்னால் மரக்கட்டையைக் கட்டி எடுக்கப் பார்ப்பது இன்னும் மோசம். சில்லு சுழல முடியாமல் போனால் ட்ரெக்டரின் முன்பக்கம் மேலே எழும்பும். ஓட்டுபவர் கிளச்சுக்குக் கால் கொண்டுபோவதற்குள், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், மீள முடியாத சாய்வுக்குப் போய் மல்லாக்க விழுந்துவிடும். பெட்டியையோ மரத்தையோ இழுவைக் கொக்கிக்கு மேலே உயரத்தில் கட்டி இழுத்தாலும் இதேதான். மெசி பேர்கசன் என்ற பெயரில் இருக்கும் ஹரி பேர்கசன், கலப்பையை ட்ரெக்டரோடு பிணைக்கும் மூன்று புள்ளி இணைப்பை உருவாக்கியதற்கு ஒரு காரணம், கலப்பை எதிலாவது மாட்டினால் ட்ரெக்டர் பின்னால் கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதைக் கண்டதுதான்.

சுவீடன் 1959இலேயே, புரண்டாலும் ஓட்டுபவரை நசுக்காத இரும்புச் சட்டத்தைப் புதிய ட்ரெக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. அங்கே புரண்டு சாகும் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. நம் தோட்டங்களில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த இரும்புச் சட்டம் இல்லை. வெயிலுக்காக மெல்லிய குழாயில் தகரக் கூரை போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பாதுகாப்பு இருப்பதாக யாரும் நம்பிவிடக்கூடாது. புரளும்போது அது அட்டைப்பெட்டி மாதிரி மடங்கும்.

பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் விவசாய பீடம் இருக்கிறது. ஆனால் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதோ வரண்ட வலயத்துச் சமதரையில், மஹாஇலுப்பள்ளமையில். நெல்லுக்கு அது சரியான இடம்தான். மலைச்சரிவில் பாரம் இறக்கும் ஒருவருக்கு அவர் மொழியில், அவர் ரோட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? எனக்குக் கம்பியின் அர்த்தத்தைச் சொன்ன அண்ணன் அதைத் தன் அப்பாவிடம் கேட்டு அறிந்தவர். அவருடைய அப்பா அதை எப்படி அறிந்தார் என்று கேட்டேன். "ஒருக்கா பொரண்டுச்சு" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை நாங்கள் இறங்கத் தொடங்குமுன் இன்னொன்று நடந்தது. கொழுந்து நிறுத்து முடித்த ஐந்து பெண்கள், கூடையோடு பெட்டியில் ஏறிக்கொள்ள வந்தார்கள். நாள் முழுக்க மலையில் நின்ற கால்கள், தலைக்கு மேலே மழை. யாருக்குத்தான் ஏறத் தோன்றாது? அண்ணன் தலையை ஆட்டினார். "மழையில முடியாது அக்கா. சாக்கு போகட்டும், நீங்க நடங்க." ஒருவர் முணுமுணுத்தார். மற்றவர்கள் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தார்கள். ட்ரெக்டர் நடை வேகத்தில்தான் இறங்கியது. அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே ஸ்டோரடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதன் பிறகு எத்தனையோ சம்பளப் பேச்சுவார்த்தைகள் நடந்துவிட்டன. அடுத்த முறை மேசையில் உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்கள் நாட்சம்பளத்தோடு மூன்று விஷயங்களையும் எழுதி வைக்கவேண்டும் என்று கேட்கிறேன்: பாரம் ஏற்றும் பெட்டிக்குத் தனிப் பிரேக், ட்ரெக்டருக்கு இரும்புச் சட்டம், ஆட்களை ஏற்றிப்போக வேறு வாகனம்.

அவை வரும்வரை, இதை வாசிக்கும் தோட்டத்து வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ட்ரெக்டர் பெட்டியில் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஏறியே ஆகவேண்டிய நாள் வந்தால், இறக்கத்தின் தலைப்பில் இறங்கி நடங்கள். ஓட்டுபவர் உங்கள் அண்ணனோ தம்பியோ ஆக இருந்தால், வண்டி நகரும் முன் அவரிடம் கேளுங்கள்: கம்பி விழுந்திருக்கிறதா, கொண்டி போட்டிருக்கிறதா, சின்னக் கியரா?